சீனச்சட்டி வந்த வழி

ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதை சேலத்தை அடுத்த அடிவாரத்தில் தொடங்குகிறது. இப்பகுதிக் கடைத்தெருக்களில் மாலையானால் சீறும் அடுப்பையும் பெரிய இரும்புச்சட்டியையும் காணலாம். பலகையில் ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன் என்று எழுதியிருக்கும். பெருநகரங்களின் நடுவே, குளிரூட்டிய உணவகங்களில் ‘அசல் சீன உணவு’ என்று பரிமாறப்படுபவையும் பெரும்பாலும் இவையே. ஆனால் சீனாவின் மஞ்சூரியாவில் இந்த மஞ்சூரியன் கிடையாது! அப்படியானால் நாம் உண்பது எந்த நாட்டு உணவு?

கல்கத்தாவில் தொடக்கம்

இதற்கு விடை காண, கல்கத்தா எனப்பட்ட இன்றைய கொல்கத்தாவுக்குச் செல்ல வேண்டும். வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆட்சியில், 1780-ஐ ஒட்டிய ஆண்டுகளில், டோங் அச்யூ என்ற சீனர் ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை அமைத்தார். அவர் பெயரால் அவ்வூர் இன்றும் அச்சிப்பூர் எனப்படுகிறது. அவருக்குப் பின் வந்த சீனருள் காண்டன் பகுதியினர் தச்சர்களாகவும், ஹக்கா மக்கள் தோல் பதனிடுவோராகவும் செருப்புத் தைப்போராகவும் பிழைத்தனர். நகரின் நடுவிலுள்ள டிரெட்டா பஜாரில் இவர்களுக்காகச் சிற்றுண்டிக் கடைகள் தோன்றின. அங்கே 1920-களில் தொடங்கிய ‘நான்கிங்’ உணவகம் பெரும்புகழ் பெற்றது.

தமிழகத்து மலைகளும் சீனரை அறியாதவை அல்ல. மலாய்க் குடியேற்றங்களிலிருந்து நாடுகடத்தப்பட்ட சீனக் கைதிகள் நீலகிரியின் நடுவட்டம் சிறையில் அடைக்கப்பட்டனர். விடுதலைக்குப் பின் சிலர் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டதை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார்.

1962-இல் இந்திய-சீனப் போர் மூண்டது. இங்கேயே பிறந்து வளர்ந்தோர் உள்பட ஏறத்தாழ 3,000 சீன வம்சாவளியினர் ராஜஸ்தானின் தேவளி முகாமில் அடைக்கப்பட்டனர். சிலர் அங்கே பல ஆண்டுகள் இருக்க நேர்ந்தது. வெளிவந்தவர்களில் பலருக்கு வீடும் தொழிலும் மிஞ்சவில்லை. பலர் நாட்டைவிட்டே சென்றனர். இவ்வாறு சமூகம் சுருங்கியது. அதன் சமையலோ நாடெங்கும் பரவியது. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், 1975-இல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் சிக்கன் மஞ்சூரியனைப் படைத்தார் என்பர். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் ஆகிய நம் தாளிப்புப் பொருள்களோடு, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாறு சேர்த்ததே அதன் புதுமை.

தட்டில் சீனம் எது?

பெயர் எப்படியிருந்தாலும், செய்முறையில் சீனக் கைத்திறன் தெளிவாகத் தெரிகிறது. குழிந்த மெல்லிய இரும்புச்சட்டி விரைவில் சூடேறும். சிறிதாக நறுக்கிய காய்கள் கடுந்தீயில் ஓரிரு நிமிடங்களில் வெந்துவிடும். எரிபொருள் மிச்சமாகும், காயின் மொறுமொறுப்பும் கெடாது. ஆறவைத்த சோற்றை எடுப்பதற்கும் காரணம் உண்டு. ஆறும்போது மாவுப்பொருளின் மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி இறுகுவதால், பருக்கைகள் குழையாமல் உதிரியாக நிற்கின்றன.

சோயா சாறு ஒரு நொதித்தல் விந்தை. ‘ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே’ என்ற பூஞ்சையின் நொதிகள் சோயாவின் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கின்றன. அவற்றுள் ஒன்றான குளூட்டமிக் அமிலத்தின் உப்பே தனிச்சுவை தருவது என்பதை, 1908-இல் ஜப்பானிய அறிஞர் இக்கேடா கடற்பாசியை ஆராய்ந்து கண்டறிந்தார்.

மிளகு சொல்லும் செய்தி

நம் உணவகங்களின் ‘செஷ்வான்’ சாறு சிச்சுவான் மாநிலத்தின் பெயரைத் தாங்குகிறது. அம்மாநிலத்தின் அடையாளமோ நாவை மரக்கச் செய்யும் சிச்சுவான் மிளகு. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த இது பெரும்பாலும் நம் சாற்றில் இருப்பதில்லை. ஆனால் சிச்சுவான் சமையலின் மிளகாயும் சீனாவுக்கு உரியதன்று. நமக்கு வந்ததுபோலவே 16-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து சென்றது. இன்று சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் நிழல்மரங்களைப் பற்றிப் படரும் கருமிளகையோ, சீனர் ‘அயலார் மிளகு’ என்ற பொருளில் ‘ஹூஜியாவ்’ என்று அழைக்கின்றனர். ஒரு காலத்தில் இங்கிருந்து சென்ற சரக்கு அங்கே அன்றாடப் பொருளாயிற்று.

ஆகவே ‘அசல்’ என்பதை மாறாத ஒன்றாகக் கருத வேண்டியதில்லை. அடிவாரத்துச் சட்டியில் புரள்வது போலி உணவன்று. பிழைக்க வந்து, இம்மண்ணின் நாவுக்கேற்பத் தம் கைத்திறனை மாற்றிக்கொண்ட ஒரு சிறு சமூகம் நமக்களித்த உணவு அது. அதன் சுவையை ஏற்றுக்கொண்ட நாடு, அதைச் சமைத்தவர்களை ஒருநாள் அயலாராக எண்ணிச் சிறை வைத்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.