கூட்டக் குறிப்பும் நாவல் வடிவமும்: வினிஃபிரட் ஹோல்ட்பியின் ‘சவுத் ரைடிங்’

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரம் வடக்கு, கிழக்கு, மேற்கு என்று மூன்று ரைடிங்குகளாகப் பிரிந்திருந்தது. தெற்கு ரைடிங் என்று ஒன்று இருந்ததில்லை. இல்லாத அந்த நான்காவது மாவட்டத்தைக் கற்பனையில் உருவாக்கி, அதற்கு ஒரு மாவட்ட மன்றத்தையும் அமைத்து, அம்மன்றத்தின் குழுக்களின் பெயர்களையே தன் நாவலின் எட்டுப் பகுதிகளுக்கும் தலைப்பாக்கினார் வினிஃபிரட் ஹோல்ட்பி. கல்வி, சாலைகளும் பாலங்களும், வேளாண்மை, பொதுச் சுகாதாரம், பொது உதவி, மனநலக் குறைபாடு, நிதி, வீட்டுவசதியும் நகரமைப்பும் என அவை வரிசைப்படுகின்றன. ஒவ்வொரு பகுதியும் மன்றக் கூட்டக் குறிப்பின் ஒரு துண்டோடு தொடங்குகிறது. தலைமையாசிரியை சாரா பர்ட்டனுக்கும் நிலவுடைமையாளர் ராபர்ட் கார்னுக்கும் இடையிலான காதலே கதை, மன்றம் அதன் பின்னணி மட்டுமே என்று இந்நாவலைப் படிப்பது எளிது. அந்த வாசிப்பு போதாது. குழுத் தலைப்புகள் நாவலுக்கு வெளியிலிருந்து மாட்டிய சட்டகம் அல்ல. நாவலின் சிந்தனையே அவற்றில்தான் இருக்கிறது.

ஹோல்ட்பி 1898இல் ரட்ஸ்டன் என்ற சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் படிக்கும்போதே படிப்பை நிறுத்திவிட்டு மகளிர் துணைப்படையில் சேர்ந்து பிரான்ஸ் சென்றார். முதல் உலகப் போருக்குப் பின் திரும்பிவந்து பட்டம் பெற்றார். கல்லூரியில் தொடங்கிய, எழுத்தாளர் வேரா பிரிட்டனுடனான நட்பு இறுதிவரை நீடித்தது. 1926இல் ‘டைம் அண்ட் டைட்’ இதழின் இயக்குநர்களுள் ஒருவரானார். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கா சென்றுவந்ததிலிருந்து அங்குள்ள கறுப்பினத் தொழிலாளர் சங்கத்துக்காக ஓயாமல் உழைத்தார். இவற்றையெல்லாம்விட நம் வாதத்துக்கு முக்கியமானவர் அவருடைய தாய் ஆலிஸ் ஹோல்ட்பி. கிழக்கு ரைடிங் மாவட்ட மன்றத்தில் ஆல்டர்மன் எனப்படும் மூத்த உறுப்பினர் பதவி வகித்தவர் அவர். மகளுக்கு மன்றத்தின் மொழி வீட்டிலேயே கிடைத்தது.

காலச் சூழலும் கவனிக்கத்தக்கது. 1929ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் ஏழைக் காப்பாளர் வாரியங்களைக் கலைத்து அவற்றின் பொறுப்புகளை மாவட்ட மன்றங்களிடம் ஒப்படைத்தது. ஏழைக்கு உதவித்தொகை உண்டா இல்லையா என்பதை உள்ளூரார் சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்த காலம் அது. வறுமை, நோய், அறியாமை, தனிமை ஆகியவற்றை எதிர்த்து ஒரு சமூகம் எழுப்பும் முதல் அரணாகவே உள்ளாட்சியைத் தாம் காண்பதாக, தாய்க்கு எழுதிய முன்னுரைக் கடிதத்தில் ஹோல்ட்பி சொல்கிறார். நாவல் இந்த நம்பிக்கையைப் பரப்புரை செய்வதில்லை, சோதித்துப் பார்க்கிறது. அதன் பெருமை இதில்தான் இருக்கிறது.

லிடியா ஹாலியின் கதையைப் பாருங்கள். பழைய ரயில் பெட்டிகளையே வீடாக்கிக்கொண்ட குடியிருப்பில் வளரும் பெண் அவள். பெட்டியின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து ஷேக்ஸ்பியர் படிக்கிறாள். உதவித்தொகை பெற்று உயர்நிலைப் பள்ளியில் சேர்கிறாள். ‘கல்வி’ என்ற தலைப்பின் கீழ் மன்றம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. ஆனால் இன்னொரு பிள்ளைப்பேற்றைத் தாங்காத உடல் அவள் தாய்க்கு. பேறுகாலத்தில் தாய் இறந்துபோக, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்டுவிட்டு லிடியா வீடு திரும்புகிறாள். ஒரு குழு கொடுத்ததை இன்னொரு குழுவின் எல்லைக்குள் நேர்ந்த சாவு பறித்துக்கொள்கிறது. கோப்புகள் தனித்தனி, அவற்றுக்குள் சிக்கும் உயிர் ஒன்றுதான். இந்த உண்மையை எந்தப் பாத்திரமும் பேசுவதில்லை, பகுதிகளின் வரிசையே நமக்கு உணர்த்திவிடுகிறது. லிடியா மறுபடி பள்ளிக்குப் போவது மன்றத்தின் தீர்மானத்தால் அல்ல. அவள் தந்தைக்கு மறுமணம் அமைந்து, பிள்ளைகளை வளர்க்க ஒரு பெண் வந்துசேர்வதால்தான் அது நடக்கிறது. உள்ளாட்சியில் இவ்வளவு நம்பிக்கை வைத்த ஆசிரியர் அதன் மிகப் பெரிய ஓட்டையை இத்தனை வெளிப்படையாகக் காட்டியிருப்பது என்னை வியக்க வைக்கிறது.

கார்ன் இந்த நம்பிக்கைக்கு எதிர்த்திசையில் நிற்பவர். மன்றத்தில் பழமையின் பக்கம் நிற்பவர், செலவினங்களை எதிர்ப்பவர். மனநிலை பிறழ்ந்த தன் மனைவியைத் தனியார் இல்லத்தில் வைத்துப் பராமரிக்கும் செலவே அவரை அழிக்கிறது. பொதுப்பணத்தைச் செலவிடத் தயங்கும் மனிதர் சொந்தத் துயரத்தைச் சொந்தப் பணத்தாலேயே சுமந்து நொடித்துப்போகிறார். ஹோல்ட்பி சோசலிசச் சார்புடையவர். ஆனாலும் இந்தப் பழமைவாதியையே அவர் மிகுந்த பரிவோடு எழுதியிருக்கிறார். சீர்திருத்தத்தின் பக்கமோ, சேற்று நிலத்தை முன்கூட்டி வாங்கி லாபம் பார்க்க நினைக்கும் போதகர் ஹக்கின்ஸும், அவருக்கு அந்த வழியைக் காட்டும் ஆல்டர்மன் ஸ்னெய்த்தும் இருக்கிறார்கள். நல்ல வீடுகள் கறைபட்ட கைகளாலும் கட்டப்படலாம் என்பதை மறைக்காமல் சொல்லும் அரசியல் நாவல்கள் மிகக் குறைவு.

1932இல் வர்ஜீனியா வுல்ஃப் பற்றி முழுநீள ஆய்வு நூல் எழுதியவரும் இதே ஹோல்ட்பிதான். அகமன ஓட்டத்தை எழுதும் புதிய உத்திகளை அறியாததால் அவர் பழைய யதார்த்தவாதத்தில் தங்கிவிடவில்லை. அவற்றை நன்கறிந்து, மதித்து, அதன் பிறகே வேறு பாதையைத் தேர்ந்தார். கூட்டக் குறிப்பு என்ற வறண்ட ஆவணத்தை நாவலுக்குள் கொண்டுவந்து, அதன் ஒவ்வொரு வரிக்கும் அடியில் கிடக்கும் வாழ்க்கையைத் திறந்து காட்டியதும் வடிவச் சோதனைதான். நவீனத்துவ வரலாற்றில் அதற்கு இடம் தராதது ஆய்வாளர்களின் குறை.

சிறுநீரக நோயால் தமக்கு அதிக நாள் இல்லை என்று தெரிந்தே, கடற்கரை ஊர்களில் அறை எடுத்துத் தங்கி இந்நாவலை அவர் எழுதி முடித்தார். 1935 செப்டம்பர் 29 அன்று, 37 வயதில் இறந்தார். தாய் நூல் வெளிவருவதை விரும்பவில்லை. இலக்கியப் பொறுப்பாளரான வேரா பிரிட்டன் விடாப்பிடியாக நின்று 1936இல் அதை வெளிக்கொணர்ந்தார். அவ்வாண்டுக்கான ஜேம்ஸ் டெய்ட் பிளாக் பரிசு அதற்குக் கிடைத்தது. நூல் வெளிவந்ததை அடுத்து ஆலிஸ் ஹோல்ட்பி மன்றத்திலிருந்து விலகினார். நூலின் வருவாய், பிழைப்புக்காக முதலில் வேலைக்குப் போய்விட்டுப் பின்னர் படிக்க வரும் பெண்களுக்கான உதவித்தொகையாகச் சோமர்வில் கல்லூரிக்குச் சென்றது.