சமையலறைப் புகைபோக்கி

சமையலறைப் புகைபோக்கி என்பது அடுப்பிலிருந்து எழும் புகை, எண்ணெய் ஆவி, நீராவி, வெப்பம் ஆகியவற்றை மின்விசிறியின் உதவியால் உறிஞ்சும் சாதனம் ஆகும். இது இந்தியாவில் பொதுவாகச் "சிம்னி" என்றும், வேறு நாடுகளில் "குக்கர் ஹூட்", "ரேஞ்ச் ஹூட்" என்றும் அழைக்கப்படுகிறது. கண்ணில் முதலில் படும் இடத்தில் அமைவதால், சமையலறையைப் புதுப்பிக்கும்போது இதன் வடிவம் அலங்கார நோக்கில் தெரிவு செய்யப்படுவது வழக்கம். எனினும், இதன் புகை பிடிக்கும் திறனும் வடிவத்தைப் பெரிதும் சார்ந்துள்ளது.

வரலாறு

மத்தியகால ஐரோப்பிய வீடுகள் பலவற்றில் திறந்த கணப்பின் மேல் கல்லாலோ, காரை பூசிய மரச்சட்டத்தாலோ ஆன கூண்டுகள் அமைக்கப்பட்டன. சூடான புகை தானாக மேலெழும் இயல்பைக் கொண்டே இவை இயங்கின. 20ஆம் நூற்றாண்டில் எரிவாயு அடுப்புகளும் மின் அடுப்புகளும் பரவியபின், மின்விசிறி பொருத்திய உலோகக் கூண்டுகள் வீடுகளுக்கு வந்தன. இன்று நாட்டுப்புறப் பாணிச் சமையலறைகளில் காணப்படும் காரைக் கூண்டுகளும் மரக் கூண்டுகளும் பழைய கணப்பின் தோற்றத்தைப் பின்பற்றுவன.

அமைப்பு

கூண்டு, வடிகட்டி, மின்விசிறி, குழாய் என்பன இதன் முதன்மை உறுப்புகள். இயங்கும் முறையைக் கொண்டு இரண்டு வகைகள் உண்டு. வெளியேற்று முறையில் புகை குழாய் வழியாகக் கட்டிடத்துக்கு வெளியே செல்கிறது. மறுசுழற்சி முறையில் காற்று கரி வடிகட்டியின் ஊடாகச் சென்று மீண்டும் அறைக்குள்ளேயே விடப்படுகிறது. இரண்டாவது முறை எண்ணெய்ப் பிசுக்கையும் மணத்தையும் குறைக்குமேயன்றி, நீராவி, வெப்பம், கார்பனோரொட்சைட்டு ஆகியவற்றை அகற்றுவதில்லை.

வடிவங்கள்

* அலமாரியடி வகை: மேல் அலமாரியின் அடியில் பொருத்தப்படுவது. இடத்தை அடைக்காதது.
* சுவர் வகை: கூம்பு, மணி, பெட்டி முதலிய வடிவங்களில் சுவரில் தனித்துத் தெரியுமாறு அமைவது.
* நடுமேடை வகை: அறையின் நடுவே உள்ள சமையல் மேடைக்கு மேல் கூரையிலிருந்து தொங்குவது. நான்கு பக்கமும் திறந்திருப்பதால் இதற்குக் கூடுதல் விசை தேவை.
* சாய்வுக் கண்ணாடி வகை: சாய்ந்த தட்டையான முகப்பைக் கொண்டது. தலையில் இடிக்காது, ஆனால் புகையைத் தேக்கிவைக்கும் குழிவு குறைவு.
* உட்பொதி வகை: மரம், காரை, செம்பு முதலியவற்றாலான அலங்காரக் கூண்டினுள் மறைத்துப் பொருத்தப்படுவது. மரக் கூண்டுக்குத் தீப்பிடிக்காத உலோக உள்ளுறை இன்றியமையாதது.
* கீழுறிஞ்சு வகை: மேடையிலிருந்தே புகையைக் கீழ்நோக்கி இழுப்பது. உயரமான பாத்திரங்களிலிருந்து எழும் ஆவி இதற்கு எளிதில் தப்பிவிடும்.

வடிவமும் திறனும்

ஐக்கிய அமெரிக்காவின் லாரன்சு பெர்க்கிலி தேசிய ஆய்வுகூடத்தினர் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 7 புகைபோக்கிகள் சோதிக்கப்பட்டன. அவற்றின் புகை பிடிக்கும் திறன் 15 விழுக்காட்டுக்கும் குறைவிலிருந்து 98 விழுக்காட்டுக்கும் மேல் வரை வேறுபட்டது. அடிப்பகுதி உலோகத் தகட்டால் மூடப்பட்டவற்றைவிடக் குழிவாகத் திறந்திருந்தவை சிறப்பாக இயங்கின. முன்வரிசைப் பர்னர்களைக் கூண்டு முழுதாக மூடாமையால், அவற்றின் புகையைவிடப் பின்வரிசைப் பர்னர்களின் புகையே நன்கு பிடிக்கப்பட்டது. மிகச் சிறப்பாக இயங்கிய பெரிய கூண்டு, இயல்பாகப் பேச முடியாத அளவு ஓசையையும் எழுப்பியது. எனவே தோற்றம், திறன், ஓசை ஆகிய மூன்றையும் ஒருசேரக் கருதவேண்டியுள்ளது.

தெரிவு செய்தல்

புதுப்பிக்கும் பணியில் முதலில் முடிவு செய்யவேண்டியது குழாய் செல்லும் வழி ஆகும். குழாய் குறுகியதாகவும், வழவழப்பான உலோகத்தாலானதாகவும், வளைவுகள் குறைந்ததாகவும் இருத்தல் நன்று. வெளிச்சுவரில் துளையிட இயலாத அடுக்குமாடி வீடுகளில் மறுசுழற்சி முறையே எஞ்சுகிறது. அங்கு சாளரமோ தனிக் காற்றகற்றும் விசிறியோ துணைக்கு வேண்டும்.

கூண்டின் அகலம் அடுப்பின் அகலத்துக்குக் குறையாதிருக்க வேண்டும். கூண்டு பொதுவாக அடுப்பிலிருந்து 60 முதல் 75 செ.மீ. உயரத்தில் பொருத்தப்படுகிறது. தோற்றத்துக்காக அதனை மேலும் உயர்த்தினால் புகை பக்கங்களில் சிதறும். அமெரிக்கப் பரிந்துரைப்படி, 75 செ.மீ. அகலமுள்ள சுவர் வகைக்கு மணிக்கு ஏறத்தாழ 425 கன மீட்டரும், அதே அகலமுள்ள நடுமேடை வகைக்கு ஏறத்தாழ 640 கன மீட்டரும் காற்றோட்டம் தேவை.

விசை மிகுவதாலும் தீங்கு உண்டு. வெளியேறும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வராவிடின், அதே வீட்டிலுள்ள எரிவாயு நீர்சூடாக்கியின் நச்சுப்புகை வெளியேறாமல் வீட்டுக்குள் திரும்பக்கூடும்.

உடல்நலம்

எரிவாயுச் சுடர் நைதரசனீரொட்சைட்டை வெளியிடுகிறது. பொரித்தல், வறுத்தல் ஆகியவற்றின்போது நுண்துகள்கள் எந்த அடுப்பிலும் உண்டாகின்றன. உயர்வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் வெளியிட்ட தொகுதியில், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்புள்ளவை எனும் 2ஏ பிரிவில் சேர்த்துள்ளது.

பராமரிப்பு

வடிகட்டியில் சேரும் எண்ணெய்ப் பிசுக்கு காற்றோட்டத்தைக் குறைப்பதுடன் தீப்பிடிக்கவும் ஏதுவாகும். உலோக வடிகட்டிகளைக் கழுவிப் பயன்படுத்தலாம். கரி வடிகட்டிகளைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். துருவேறா எஃகு துடைப்பதற்கு எளியது. பூச்சற்ற செம்பும் பித்தளையும் நாளடைவில் நிறம் மாறுவன. பளபளப்பு நீடிக்கத் தொடர்ந்து மெருகேற்றவேண்டும். வேலைப்பாடுகளும் விளிம்புகளும் மிகுந்த கூண்டுகளில் பிசுக்கு தங்குவதால், நாள்தோறும் தாளித்துப் பொரிக்கும் சமையலுக்கு எளிய வடிவங்களே ஏற்றவை.