வங்கி அடையாள எண்

பணம் செலுத்தும் கார்டுகளில் காணப்படும் நீண்ட எண்ணின் தொடக்கத்தில் நின்று, அக்கார்டை வழங்கிய ஸ்தாபனம் இன்னதென்று உணர்த்தும் இலக்கத் தொகுதி வங்கி அடையாள எண் எனப்படும். கார்டு வழங்குவோர் யாவரும் வங்கிகளாகவே இருக்கவேண்டும் என்ற நியதி இல்லாமையால், சர்வதேச நியமம் இதனை வழங்குநர் அடையாள எண் என்று குறிக்கும். வழக்கில் நிலைபெற்றது முந்தைய பெயரே.

வரலாறு: 1950இல் நியூயார்க்கில் தோன்றிய டைனர்ஸ் கிளப்பின் அட்டையையே இக்காலக் கார்டு முறையின் தோற்றுவாயாகக் கொள்வது பொருந்தும். ஆயினும் அதனை வழங்கியதும், அதன்பேரில் கடைக்காரருக்குப் பணம் அளித்ததும் ஒரே ஸ்தாபனமாதலின், வழங்கியவர் யார் என்ற வினாவுக்கு அங்கே இடமிருக்கவில்லை. 1958இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் பேங்க் ஆப் அமெரிக்கா தொடங்கிய பேங்க்அமெரிகார்டுத் திட்டமும் முதலில் அவ்வாறே நடைபெற்றது. 1966இல் அவ்வங்கி தன் கார்டை வழங்கும் உரிமையைப் பிற வங்கிகளுக்கும் அளிக்க, போட்டி வங்கிகள் பல ஒன்றுகூடி இன்டர்பேங்க் கார்டு சங்கத்தை நிறுவிய பின்னரே, ஒரே சின்னம் தாங்கிய கார்டுகளைப் பல வங்கிகள் வழங்கும் நிலைமையும், ஒரு வங்கியின் கார்டுக்கு வேறொரு வங்கியின் வாடிக்கையாளரான கடைக்காரர் சரக்குக் கொடுக்கும் நிலைமையும் உண்டாகி, கணக்கை உரிய வங்கிக்குக் கொண்டு சேர்க்கும் குறியீடு இன்றியமையாததாயிற்று.

வகைப்பாடு: இக்குறியீடுகளை ஒழுங்குபடுத்திய பெருமை, சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் 1989இல் வெளியிட்ட 7812 ஆம் எண் நியமத்துக்கு உரியது. முதல் இலக்கமே கார்டு எத்தொழிலைச் சார்ந்தது என்று காட்டவேண்டும் என்பது அதன் தெளிவான ஏற்பாடாகும். 1 விமானப் போக்குவரத்துக்கும், 2 அதனுடன் நிதித் துறைக்கும், 3 பிரயாணம், கேளிக்கை ஆகியவற்றுக்கும், 4, 5 ஆகியவை வங்கித் தொழிலுக்கும், 6 வாணிபத்துக்கும் வங்கித் தொழிலுக்கும், 7 பெட்ரோலியத் துறைக்கும், 8 சுகாதாரத்துக்கும் தொலைத்தொடர்புக்கும், 9 அந்தந்தத் தேசங்களின் சொந்த உபயோகத்துக்கும் ஒதுக்கப்பட்டன. பிரயாணிகளையும் உணவகங்களையும் ஆதாரமாகக் கொண்டு வளர்ந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 34, 37 என்றும், டைனர்ஸ் கிளப் 36 என்றும் மூன்றாம் வகுப்பில் தொடங்குவதும், விசா 4இலும் மாஸ்டர்கார்டு 51 முதல் 55 வரையிலும் தொடங்குவதும் இவ்விதியின்படியே ஆகும். துருக்கியின் டிராய் கார்டு, தேசிய வகுப்பான 9ஐயும் அந்நாட்டின் குறியெண்ணான 792ஐயும் இணைத்து 9792 என்று தொடங்குவது வகைப்பாட்டின் செம்மைக்குச் சிறந்த உதாரணம். மாஸ்டர்கார்டு பிற்காலத்தில் 2221 முதல் 2720 வரையுள்ள எண்களையும் பெற்றது. இந்தியாவின் ரூபே கார்டுகள் 60, 65 ஆகியவற்றோடு 81, 82 ஆகியவற்றிலும் தொடங்குகின்றன. இவற்றுள் 81, 82 ஆகியவை விதிவிலக்குகளேயன்றி விதியைக் குலைப்பன அல்ல.

சரிபார்ப்பு இலக்கம்: கார்டு எண் பத்தொன்பது இலக்கங்கள் வரை நீளலாம், பதினாறே பெருவழக்கு. அடையாள எண்ணை அடுத்து வாடிக்கையாளரின் கணக்கைக் குறிக்கும் பகுதியும், இறுதியில் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றும் அமையும். இவ்விலக்கத்தைக் கணிக்கும் முறையை வகுத்தவர், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். ஸ்தாபனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் ஆவார். 1954இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1960இல் அளிக்கப்பட்டது. வலக்கோடியிலிருந்து எண்ணி ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இலக்கங்களை, அதாவது இரண்டாவது, நான்காவது என நிற்பவற்றை இரட்டித்து, ஒன்பதுக்கு மேற்படின் ஒன்பதைக் கழித்து, எஞ்சிய இலக்கங்களோடு கூட்டினால் தொகை பத்தால் மிச்சமின்றி வகுபட வேண்டும். கணினிப் பரிசோதனைகளில் வழங்கும் 4111 1111 1111 1111 என்ற எண்ணில், இரட்டித்தவை 22ம் இரட்டிக்காதவை 8ம் ஆகக் கூடி 30 வருதல் காண்க. ஓர் இலக்கம் மட்டும் பிழைபடின் இம்முறை தவறாது காட்டிவிடும். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினாலும், 09 என்பது 90 ஆவதொன்று நீங்கலாக, வெளிப்படுத்தும். எனினும் இது கைப்பிழைக்குக் காவலேயன்றி மோசடிக்குக் காவலன்று.

செயற்படும் விதம்: கடையிலுள்ள இயந்திரத்தில் கார்டைச் செருகியவுடன், கடைக்காரரின் வங்கி அல்லது அதன் சார்பில் இயங்கும் கணினி, அடையாள எண்களின் அட்டவணையை நோக்கி, கார்டு விசா, மாஸ்டர்கார்டு போன்ற எந்த வலைப்பின்னலைச் சேர்ந்தது, டெபிட் கார்டா கிரெடிட் கார்டா என்பனவற்றை அறிந்து, வேண்டுகோளை உரிய வலைப்பின்னலுக்கு அனுப்ப, அஞ்சல் குறியீட்டெண் கடிதத்தை ஊர் சேர்ப்பதுபோல் அவ்வெண்ணே அவ்வேண்டுகோளைக் கார்டை வழங்கிய வங்கியிடம் சேர்க்கிறது. அவ்வங்கி கணக்கையும் இருப்பையும் பரிசீலித்து, சம்மதமோ மறுப்போ சில விநாடிகளில் வந்த வழியே திருப்பி அனுப்பும்.

இன்றைய நிலை: அதுவரை அடையாள எண்ணுக்கு இருந்த ஆறு இலக்கங்கள் போதாமையால் 2017இல் நியமம் திருத்தப்பட்டு அடையாள எண் எட்டு இலக்கங்களாயிற்று, விசாவும் மாஸ்டர்கார்டும் 2022 ஏப்ரலில் இதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் இணைய வணிகர்கள் வாடிக்கையாளரின் கார்டு எண்ணைச் சேமித்து வைத்தல் கூடாது. அதற்குப் பதிலாக டோக்கன் என்னும் மாற்று எண் வழங்குகிறது.