மன்னரும் மணவாளரும்: மலாக்காவிலிருந்து ஒரு வாசிப்பு

உன்னதத்தில் வீற்றிருக்கும் மன்னர், திருச்சபையின் மணவாளர் என்னும் கிறிஸ்துவின் இரு பட்டங்களையும் பிரசங்க மேடைகள் தனித்தனியே கையாள்கின்றன. மன்னர் ஆள்கிறார், மணவாளர் ஆறுதல் தருகிறார். மலாக்காத் தமிழ்ச் சபைகளுக்கு இந்தப் பிரிவினை பெருங்கேடு என்பதே என் வாதம்.

மலாக்காவில் கிறிஸ்துவின் அரசாட்சி பீரங்கியோடு கரையிறங்கியது. 1511இல் போர்த்துக்கீசியரும் 1641இல் டச்சுக்காரரும் கோட்டையைப் பிடித்தார்கள். பிடித்தவரின் சபையே நகரின் சபையானது. டச்சுக்காரர் 1753இல் கட்டி முடித்த கிறிஸ்து ஆலயம் ஆங்கிலேயர் காலத்தில் ஆங்கிலிக்கன் சபையின் கைக்கு மாறியது. புக்கிட் ஆசாகான் போன்ற தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழரோ துரை, கிராணி, கங்காணி என்று இறங்கிவரும் அதிகாரத்தையே அறிந்திருந்தார்கள். அவர்கள் காதில் ‘ராஜாதி ராஜா’ என்பது இன்னொரு பெரிய துரையாக ஒலித்திருந்தால் வியப்பில்லை.

இதற்கு மாற்று தமிழிலேயே உண்டு: தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி. தலைவன் உலா வருவான், தலைவி கண்டு மையல் கொள்வாள், குறத்தி கைபார்த்துக் குறி சொல்வாள். இது குறவஞ்சியின் மரபு. இங்கே உலா வருபவர் பெத்லகேம் நாதர். தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை. உலா அரசனுக்குரியது, அந்த உலாவே காதலுக்கும் வாசல். எனவே இந்நூலில் மன்னரையும் மணவாளரையும் பிரிக்க முடியாது. வேதமும் இதற்கு இசைகிறது. 45ஆம் சங்கீதத்தில் வாள் தரித்த அரசனே மணமகன். எபேசியர் 5இல் மணவாளர் சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுக்கிறார். பிலிப்பியர் 2இல் சிலுவைவரை தாழ்ந்ததாலேயே உயர்த்தப்படுகிறார். தம்மைக் கொடுத்து அரியணை ஏறியவரை எந்தத் துரையோடும் ஒப்பிட இயலாது.

இறைவனைக் காதலனாகவும் தன்னைக் காதலியாகவும் கொண்டு பாடும் நாயகி பாவம் தனி ஆன்மாவின் ஏக்கமல்லவா என்று கேட்கலாம். ஆண்டாள் வழியில் அப்படித்தான். ஆனால் எபேசியரிலும் வெளிப்படுத்தலிலும் மணமகள் தனியொருத்தியல்ல, முழுச் சபை; தேவமோகினியும் அப்படியே. இங்கேதான் நூல் தன் ஆசிரியரையே கேள்வி கேட்கிறது. ஒரே மணமகளைப் பாடிய சாஸ்திரியார், ஆலயத்தில் சாதிவாரி இருக்கைகளை ஒழிக்க முயன்ற மிஷனரிகளைக் கடுமையாக எதிர்த்தார். மணமகளைச் சாதிவாரியாக உட்காரவைத்தால் அவள் ஒருத்தியாக இருப்பது எப்படி? சாதி கப்பலேறித் தோட்டத்து லயங்களுக்கும் வந்ததால் மலாக்காவில் இது பழங்கதையல்ல. கவிஞரின் நடத்தையைவிட அவர் கவிதையே சரியான இறையியல்.

பதினோராம் பயஸ் 1925இல் ஏற்படுத்திய கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று, கத்தோலிக்கப் பங்குகளோடு மற்றத் தமிழ்ச் சபைகளும் 45ஆம் சங்கீதத்தையும் எபேசியர் 5ஐயும் சேர்த்தே வாசிக்கட்டும். அன்றைய பிரசங்கம் சாதியைப் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டும்.