கிளாஸ்ல செல்போன்: கல்லூரி பறிமுதல் செய்யலாமா? கோர்ட் சொன்னது என்ன?

பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கமிருந்து பஸ் பிடித்து பாளையங்கோட்டை கல்லூரிகளுக்கு வரும் மாணவிகளுக்கு செல்போன் ஒரு பாதுகாப்பு. "பஸ் ஏறிட்டேன்" என வீட்டுக்குச் சொல்ல அதுதான் வழி. அதே போனில் கிளாஸ் நேரத்தில் ரீல்ஸ் ஓடினால் பாடம் போச்சு. இதை எப்படிக் கையாள்வது?

தடை புதுசா?

இல்லை. 2005-லேயே அண்ணா பல்கலைக்கழகம் ஆடைக் கட்டுப்பாட்டோடு செல்போனுக்கும் தடை போட்டது. அப்போது போன் என்றால் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும்தான். இப்போது நோட்ஸ், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் எல்லாமே அதில்தான். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசே அறிவித்தது.

கவனம் எவ்வளவு சிதறும்?

ஒருமுறை கவனம் சிதறினால் மீண்டும் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்கிறது யுனெஸ்கோவின் 2023 அறிக்கை. 2013-ல் வெளியான கனடா ஆய்வில், லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்கள் மட்டுமல்ல, அந்தத் திரை கண்ணில் பட்ட பக்கத்து மாணவர்களும் குறைந்த மதிப்பெண்ணே எடுத்தார்கள்.

கோர்ட் என்ன சொன்னது?

கோழிக்கோட்டில் விடுதியின் போன் கட்டுப்பாட்டை எதிர்த்ததால் வெளியேற்றப்பட்ட மாணவியை மீண்டும் சேர்க்க 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைய வசதி கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடக்கம் என்றது. அது விடுதி வழக்கு. வகுப்பறை வழக்கு அல்ல. பள்ளிகள் பற்றிய வழக்கில் 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றம், முழுத் தடை நடைமுறைக்கு ஒத்துவராது, ஆனால் வகுப்பறையில் போன் பயன்படுத்தக் கூடாது என்றது.

கல்லூரிகள் என்ன செய்யலாம்?

• கேம்பஸ் முழுக்கத் தடை வேண்டாம். பாட நேரத்தில் மட்டும் சைலன்ட்டில் பைக்குள் வைக்கச் சொல்லலாம்.

• பாடத்துக்குத் தேவையென்றால் ஆசிரியரே "இப்போ எடுங்க" என்று சொல்லலாம்.

• வாங்கி வைத்தால் அன்று மாலை, பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் திருப்பித் தர வேண்டும்.

• போனைத் திறந்து கேலரி, வாட்ஸ்அப் பார்க்கக் கூடாது. தனியுரிமை அடிப்படை உரிமை என 2017-லேயே உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துள்ளது.

• விதியை அட்மிஷன் அன்றே எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு: கிளாஸ் நேரத்தில் அவசரம் என்றால் பிள்ளையின் போனுக்கு அடிக்காமல் கல்லூரி அலுவலகத்துக்குப் பேசுங்கள். அந்த நம்பரை இன்றே சேவ் செய்துகொள்ளுங்கள்.