நரம்புத்தசை நோயுள்ள குழந்தைகளுக்கான இசை, அசைவுச் சிகிச்சை
தசைகளையோ அவற்றை இயக்கும் நரம்புகளையோ தாக்கும் நோயுள்ள குழந்தைகளுக்குப் பாட்டு, தாளம், இசைக்கேற்ற மென்மையான அசைவு ஆகியவற்றின் வழியே அளிக்கப்படும் துணைச் சிகிச்சை இது; இழந்த தசையை மீட்பது இதன் இலக்கன்று. அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் பிரிட்டானியச் சிறப்புக்கல்வி ஆசிரியர் கிளைவ் ராபின்ஸும் 1959-இல் தொடங்கிய, குழந்தையின் ஒலிக்கும் அசைவுக்கும் ஏற்ப அக்கணமே இசையைப் புனையும் முறை, குழந்தைகளுக்கான இசைச் சிகிச்சைக்கு வலுவான அடித்தளமிட்டது. டிஸ்ட்ரோபின் என்னும் தசைப்புரதக் குறைவால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும் டூஷென் தசைச் சிதைவில், கடும் உழைப்பு தசையிழைகளை மேலும் சேதப்படுத்தக்கூடும் என்பதால், களைப்புத் தோன்றும் முன்பே அசைவு நிறுத்தப்பட வேண்டும். கையைத் தூக்க இயலாத குழந்தையும் விரல்நுனித் தொடுகையில் ஒலிக்கும் மின்னணுக் கருவியால் குழுவோடு இசைக்க முடிவது இச்சிகிச்சையின் முக்கியப் பயன். இயன்முறை மருத்துவத்துக்கும் இதய, நுரையீரல் கண்காணிப்புக்கும் இது மாற்றாகாது.