அறுக்காத கொடியும் அறுத்த கையும்

ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்தப் பக்கம் வந்தே ரெண்டு மாசம் ஆச்சு, மன்னிச்சுக்குங்க மக்களே. இந்தத் தடவை மொக்கை இல்லை, கொஞ்சம் சீரியஸ் மேட்டர்.

வீட்டம்மாவுக்கு இப்போ ஏழாம் மாசம். அடுத்த மாசம் கட்டுச்சோறு விருந்து முடிஞ்சதும் அவங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. கர்ப்பிணி இருக்கற வீட்டுக்குப் பலகாரம் வருதோ இல்லையோ, வாட்ஸப் ஃபார்வேர்டு தவறாம வருது. போன வாரம் வந்தது 'தாமரைப் பிரசவம்'. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை அறுக்கவே கூடாதாம். நஞ்சுக்கொடியைக் கழுவி, உப்பும் மூலிகையும் தடவி, துணியில சுத்தி குழந்தை பக்கத்துலயே வெச்சுக்கணுமாம். மூணு நாளோ பத்து நாளோ, தானா காய்ஞ்சு விழற வரைக்கும். கடைசியில வழக்கமான முத்திரை: "இதுவே நம் முன்னோர்களின் முறை. பத்மநாபனின் தொப்புளில் மலர்ந்த தாமரையை யாராவது அறுத்தார்களா?"

நான் சிரிச்சேன். வீட்டம்மா சிரிக்கலை. "அறுக்கறப்ப கொழந்தைக்கு வலிக்குமாங்க? நாமளும் டாக்டர்கிட்ட கேட்டுப் பார்க்கலாமா?"ன்னாங்க. கொடியில வலி உணரும் நரம்பு கிடையாது, வலிக்காதுன்னு உடனே சொல்லிட்டேன். ஆனா 'முன்னோர்கள் முறை'ங்கறதுக்கு என்கிட்ட பதில் இல்லை. பொட்டி தட்டறவனுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை, பிழை எங்கே ஆரம்பிச்சுதுன்னு பின்னோக்கித் தேடறது. அதையே செஞ்சேன்.

முதல்ல அந்தத் தாமரை. அது பெருமாள் தாமரை இல்லைங்க, ஒரு அமெரிக்கப் பெண்மணியோட பேரு. கலிஃபோர்னியாவில் இருந்த கிளேர் லோட்டஸ் டே. சிம்பன்சி தன் குட்டியோட கொடியைத் துண்டிக்கறதில்லைன்னு படிச்சவர், தன் குழந்தைக்கும் அப்படியே செய்யணும்னு முடிவெடுத்து 1974-ல் செஞ்சு காட்டினார். 'லோட்டஸ் பர்த்'ங்கற பேரு அவரால வந்தது. அமெரிக்காவுல யோகா வட்டாரங்கள்ல பரவி, ஆஸ்திரேலியா போய், நாற்பது அம்பது வருஷம் கழிச்சு 'நம் முன்னோர்கள்' முத்திரையோட துடியலூருக்கு வந்திருக்கு.

சரி, நம்ம பழைய நூல்கள் என்ன சொல்லுது? சரகர், சுஸ்ருதர் ரெண்டு சம்ஹிதையிலயும் சாரீர ஸ்தானத்தில் இது வருது. தொப்புளிலிருந்து எட்டு விரல்கடை அளந்து, நூலால் கட்டி, அறுத்து, நூலின் முனையைக் குழந்தையின் கழுத்தில் தளர்வாக மாட்டச் சொல்றாங்க. பொன், வெள்ளி, இரும்பு, இதில் ஏதாவது ஒன்றால் செய்த கத்தி வேணும்னு சரகர் கத்தியையே குறிப்பிடறார். அறுக்காமல் விடுன்னு இல்லை. எப்படி அறுக்கணும்னுதான் இருக்கு.

நூலெல்லாம் யார் படிச்சாங்க, ஊர்ல என்ன நடந்துதுன்னு கேட்க எங்க அம்மிச்சியை விட்டா ஆள் ஏது? ஞாயித்துக்கிழமை பக்கத்துல போய் உட்கார்ந்தேன். (கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சாச்சு, சகிச்சுக்குங்க.)

"அறுக்காம எப்படிக் கண்ணு உடுவாங்க? மாட்டுக்கே கன்னு கீழ உழுகறப்ப தானா அந்துருமே!"

மாடுன்னதும் எனக்கும் ஞாபகம் வந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டோரம் ஆலமரத்துல சாக்கு மூட்டை தொங்கறதைச் சின்ன வயசுல பார்த்து, பேய்ன்னு பயந்திருக்கேன். அது மாட்டோட எளங்கொடி. மாடு தின்னுடாம காவல் இருந்து எடுத்து, வைக்கோல் வெச்சுக் கட்டி, பால் வடியற மரத்துல தொங்க விடுவாங்க. அப்பத்தான் மாடு நல்லா கறக்கும்னு நம்பிக்கை. மனுஷங்களோடதை வீட்டுப் பின்னால குழி தோண்டிப் புதைப்பாங்க. "உங்கம்மாளுது இந்தத் தென்னைக்கு அக்கட்டால இருக்குது"ன்னு அம்மிச்சி கை காட்டினாங்க. இத்தனை வருஷம் அந்த இடத்துலதான் பைக் நிறுத்திட்டு இருக்கேன்!

அடுத்து சொன்னதுதான் முக்கியம். "ஆனா அவசரப்பட மாட்டாங்க சாமி. நஞ்சு உழுகோணும், அப்பறந்தான் அறுப்பாங்க. கொழந்தை அழுகலீன்னா, கொடியோட வெச்சுட்டு நஞ்சுக்கு அனல் காட்டுவா மருத்துவச்சி."

இந்தியாவின் பல பகுதிகள்ல தாயிகள்கிட்ட இதே பழக்கத்தைப் பதிவு செஞ்சிருக்காங்க. நஞ்சு விழுந்தபின் அறுப்பதும், அசையாத குழந்தைக்காக நஞ்சைச் சூடு பண்ணுவதும். உலகத்துலயும் புதுசு இல்லை. கைதேர்ந்த மருத்துவச்சிகள் கொடியிலிருக்கும் ரத்தத்தைக் குழந்தைப் பக்கம் பிழிந்து விடுவதைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியிருக்கார். சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின், 18-ம் நூற்றாண்டின் கடைசியில் எழுதின 'ஜூனோமியா'வில், கொடியைச் சீக்கிரம் கட்டி அறுப்பது குழந்தைக்குக் கெடுதல்னு எச்சரிச்சிருக்கார்.

அப்புறம் 20-ம் நூற்றாண்டின் பிற்பாதியில், தாயோட ரத்தப்போக்கைக் குறைக்க ஆஸ்பத்திரிகள் ஊசி போட்டு நஞ்சைச் சீக்கிரம் எடுக்க ஆரம்பிச்சாங்க. அந்த நல்ல வேலையோட கூடவே, கொடியை உடனே கிடுக்கி போட்டு வெட்டறதும் வழக்கமாச்சு. இப்போ உலக சுகாதார நிறுவனமே பிறந்து ஒரு நிமிஷத்துக்கு முன்னால கிடுக்கி போட வேண்டாம், 1 முதல் 3 நிமிஷம் பொறுங்கன்னு சொல்லுது. அந்த நிமிஷங்கள்ல நஞ்சில் மிச்சமிருக்கும் ரத்தம் சுமார் 80-100 மில்லி வரைக்கும் குழந்தைக்குள்ள போகுது. நாலஞ்சு மாசத்துக்குத் தேவையான இரும்புச்சத்துக்கு அது கையிருப்பு.

ஆனா கொடியில துடிப்பு நின்னதும் அந்தக் கணக்கு முடிஞ்சது. அதுக்கப்புறம் நஞ்சு குழந்தைக்கு எதையும் தரப்போறதில்லை. ரத்த ஓட்டமே இல்லாத, சுமார் அரைக் கிலோ சதை அது. 2008-லேயே இங்கிலாந்தின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி, இதில் கிருமி வளர்ந்து குழந்தைக்குப் பரவலாம்னு எச்சரிச்சது. நம்ம ஊர் சித்திரை வெயிலுக்குக் காலையில வாங்கின மீன் மத்தியானம் தாங்காது. பத்து நாள் எப்படிங்க?

இதையெல்லாம் அம்மிச்சிகிட்ட பெருமையா சொல்லி, "பாத்தீங்களா, நீங்க செஞ்சதைத்தான் இப்ப டாக்டரும் சொல்றாங்க"ன்னேன். அவங்க முகத்துல பெருமை வரலை.

"உங்கம்மாளுக்கு முன்னால எனக்கு ஒரு பையன் பொறந்தான், தெரியுமா?"

தெரியாது. யாரும் சொன்னதில்லை.

"பன்னருவாளைத் தொடச்சுட்டுதான் அறுத்தாங்க. புண்ணுக்குச் சாம்பல் வெச்சாங்க. எட்டாம் நாளு வாய் கட்டிக்கிச்சு, பால் குடிக்கலை. வில்லாட்ட வளைஞ்சு போச்சு. காத்துக் கருப்புன்னாங்க."

அது காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. பிறந்த குழந்தைக்கு வரும் டெட்டனஸ். மண்ணுலயும் சாணியிலயும் இருக்கற கிருமி, அறுத்த கொடி வழியா உள்ளே போய், ஒரு வாரத்துல குழந்தையை விறைக்க வைக்கும். 1988-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 7,87,000 பச்சிளம் குழந்தைகள் இதனால இறந்ததா உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கர்ப்பிணிகளுக்கு டிடி ஊசி, சுத்தமான கை, புது பிளேடு, சுத்தமான நூல், கொடியில எதையும் பூசாமல் விடுதல், ஆஸ்பத்திரிப் பிரசவம். இதெல்லாம் சேர்ந்து, 2015-ல் இந்தியா இந்த நோயை ஒழித்த நாடுன்னு அறிவிக்கப்பட்டது. ஒழிப்புன்னா பூஜ்யம் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்துலயும் உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளுக்கு ஒண்ணுக்கும் கீழேன்னு அர்த்தம். அம்மிச்சியோட பையன் இந்தக் கணக்கு எதுலயும் இல்லை.

"மருத்துவச்சி மேல கோவம் வரலையா?"ன்னு கேட்டேன்.

"அவ என்னடா பண்ணுவா? அவளுக்குத் தெரிஞ்சதைச் செஞ்சா. அடுத்து உங்கம்மாளையும் அவதான் எடுத்தா. ஒரு வள்ளம் கம்பும் ஒரு சீலையும் குடுத்தோம். பொடக்காளியோட வந்து பொடக்காளியோட போயிருவா."

புழக்கடை வழியா! கொங்குல குடிமகன்னு சொல்ற நாவிதரோட மனைவிதான் பெரும்பாலும் மருத்துவச்சி. அம்பட்டர் பெண்கள் பேறுகாலம் பார்ப்பதை 1909-ல் வந்த தன் நூலில் எட்கர் தர்ஸ்டனும் குறிப்பிட்டிருக்கார். பிரசவ வீடு தீட்டு, ரத்தம் தீட்டு, கொடி அறுக்கறது தீட்டு வேலை. ஊர்ல அத்தனை பேர் கொடியையும் அறுத்த கைக்கு முன்வாசல் கிடையாது.

இப்ப பாருங்க கூத்தை. 2024 அக்டோபர்ல சென்னையில ஒரு பிரபல யூடியூபர், ஆபரேஷன் தியேட்டருக்குள்ளயே தன் குழந்தையோட கொடியை வெட்டி வீடியோ போட்டார். மருத்துவர் அல்லாதவர் எப்படி வெட்டலாம்னு சுகாதாரத் துறை அந்த மருத்துவமனை மேல நடவடிக்கை எடுத்தது. ஒரு காலத்துல தீட்டுன்னு ஒதுக்கி ஒரு சாதிப் பெண்கள் தலையில கட்டின வேலை, இன்னைக்கு அப்பாக்களுக்குப் பெருமை!

நம்ம பக்கத்துக் கதை இன்னும் கசப்பு. 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு ஆசிரியை, யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ரத்தப்போக்கால் இறந்தார். குழந்தை பிழைச்சது. அடுத்த மாசமே வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சின்னு விளம்பரம் வந்து, கோவையில் ஹீலர் பாஸ்கர் கைது செய்யப்பட்டார். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்குதுன்னு 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுது. அந்த எண்ணுக்குப் பின்னால எத்தனை அம்மிச்சிங்க அழுதிருப்பாங்கன்னு ஃபார்வேர்டு அனுப்பறவங்களுக்குத் தெரியாது.

முன்னோர்கள் செஞ்சது எல்லாம் சரியும் இல்லை, எல்லாம் தப்பும் இல்லை. பொறுத்தாங்க, அது சரி. பன்னருவாளால அறுத்துச் சாம்பல் வெச்சாங்க, அது உயிரை எடுத்தது. அறுக்காமலே விட்டாங்கங்கறது மட்டும் சுத்தப் பொய்.

ராத்திரி வீட்டம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பையன் கதையைக் கேட்டதும் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "டாக்டர்கிட்ட ஒரு நிமிஷம் பொறுத்து அறுக்கச் சொல்லலாம். அது போதுங்க"ன்னாங்க. அடுத்த செக்கப்ல கேட்கறதுன்னு முடிவாச்சு. ரெண்டு உயிருக்கும் ஆபத்து இல்லாத பட்சத்துலதான், அதையும் டாக்டர் முடிவுக்கே விட்டுடறோம்.

கிளம்பறப்ப அம்மிச்சிகிட்ட கடைசியா ஒண்ணு கேட்டேன். "அந்த மருத்துவச்சி பேரு என்னங்க அம்மிச்சி?"

ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "மருத்துவச்சின்னுதாங் கண்ணு கூப்புடுவோம்."

உங்க வீட்டுப் பெரியவங்க யாருக்காவது, உங்க அம்மாவையோ அப்பாவையோ எடுத்த அந்தக் கையோட பேரு தெரியுமா? கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பொட்டி தட்டறவன். பிரசவச் சந்தேகம் எதுவா இருந்தாலும் உங்க டாக்டரைக் கேளுங்க, என்னையும் கேக்காதீங்க, வாட்ஸப்பையும் கேக்காதீங்க :-)